தோட்டத்து மிஷினுக்கு எந்த பெட்ரோல் ஊத்தணும்? ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

பிரஷ் கட்டர், செயின்ஷா, மருந்தடிக்கிற மிஷின், சின்ன பம்புசெட், பவர் வீடர்னு எது வச்சிருந்தாலும் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், சாதா பெட்ரோல் போதுமா இல்ல லிட்டருக்கு கூட காசு வாங்குறானே அந்த பிரீமியம் போடணுமா? பதிலை இப்பவே சொல்லிடுறேன், ஆக்டேனுக்காக பிரீமியம் போட வேண்டிய அவசியம் கிடையாது. நம்ம மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கம் மிஷின் படுக்குறது ஆக்டேன் பத்தாம இல்ல. பெட்ரோல்ல கலந்திருக்க எத்தனால், அதோட சேர்ற தண்ணி, மாசக்கணக்குல டேங்குல கிடந்த பழைய பெட்ரோல், தப்பான ஆயில், மெக்கானிக் கடைக்கு வர்றதுல முக்காவாசி இந்த நாலாலதான். அதனால இதுல ஆக்டேனை சீக்கிரம் முடிச்சிட்டு மத்ததை கொஞ்சம் விரிவா பாப்போம்.

முதல்ல: உங்க மிஷின் 2 ஸ்ட்ரோக்கா 4 ஸ்ட்ரோக்கா

இது தெரியாம பங்க்குக்கு போகாதீங்க. இன்ஜின்ல ஆயில் ஊத்த தனி மூடி, அதுல அளவு பாக்குற குச்சி இருந்தா அது 4 ஸ்ட்ரோக், அதுக்கு வெறும் பெட்ரோல் மட்டும். ஆயிலுக்கு தனி இடமே இல்ல, டேங்கு மூடியில சொட்டு படம் இல்லன்னா 25:1, 50:1னு எழுதியிருந்தா 2 ஸ்ட்ரோக், பெட்ரோல்ல 2டி ஆயில் கலந்துதான் ஊத்தணும். செயின்ஷா கிட்டத்தட்ட எல்லாமே 2 ஸ்ட்ரோக். முதுகுல மாட்டி மருந்தடிக்கிறது ரெண்டுலயும் வருது. பிரஷ் கட்டரும் ரெண்டுலயும் வருது, இங்கதான் குழப்பம், ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜின் போட்ட பிரஷ் கட்டர் 4 ஸ்ட்ரோக், அதுக்கு 10டபிள்யூ30 ஆயில் வெறும் 100 மில்லிதான் பிடிக்கும், பக்கத்து தோப்புல வேற கம்பெனி மிஷின் அச்சு அசலா அதே மாதிரி இருக்கும் ஆனா 2 ஸ்ட்ரோக். வெளித்தோற்றத்த வச்சு முடிவு பண்ணாதீங்க.

மாத்தி ஊத்துனா என்ன ஆகும்னா, 4 ஸ்ட்ரோக்ல ஆயில் கலந்தது போனா புகையும், பிளக்கு கரி பிடிக்கும், கழுவி விட்டா சரியாயிடும். 2 ஸ்ட்ரோக்ல வெறும் பெட்ரோல் போனா சில நிமிஷத்துலயே பிஸ்டன் சீஸ் ஆயிடும், அதாவது சிலிண்டருக்குள்ள இறுகி நின்னுடும், அப்புறம் போரும் பிஸ்டனும் மாத்துற செலவு, சில சைனா மிஷினுக்கு அதுக்கு புதுசே வாங்கிடலாம். வேலைக்கு வர்ற ஆளுங்க கையில மிஷினை குடுக்குறவங்க டேங்கு மேலயே பெயிண்டால "ஆயில் கலந்தது மட்டும்"னு எழுதி வைங்க, ரொம்ப கேவலமா இருக்கும்தான், ஆனா மிஷின் தப்பிக்கும்.

ஆக்டேன் நம்பர்: எவ்வளவு இருந்தா போதும்

ஆக்டேன்னா பெட்ரோலோட சக்தி இல்ல, இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. சிலிண்டர்ல அழுத்தும்போது நேரத்துக்கு முன்னாடி தானா வெடிக்காம தாங்குற தன்மை, அவ்வளவுதான். அழுத்தம் கூட இருக்க இன்ஜினுக்கு ஆக்டேன் கூட வேணும், பெரிய ரேஸ் பைக் அந்த வகை. நம்ம தோட்டத்து இன்ஜின்ல அழுத்த விகிதம் பெரும்பாலும் 8க்கு 1, 9க்கு 1 அந்த கணக்குதான். ஹோண்டா ஜிஎக்ஸ் வரிசை மேனுவல்ல கேக்குறது 91 ரான் (RON, ஆக்டேனை அளக்குற நம்பர்), ஸ்டில் (Stihl) கம்பெனி மிஷின்ல 90 ரான் இருந்தாலே போதும்னு போட்டிருக்கும்.

இப்ப நம்ம பங்க்ல சாதாவா விக்கிறது இ20, அதாவது 20% எத்தனால் கலந்தது, இந்திய தரப்படி அதுக்கு குறைஞ்சபட்சம் 95 ரான் இருக்கணும். எத்தனாலுக்கே ஆக்டேன் ஜாஸ்திங்கறதால முன்னாடி 91ல இருந்த சாதா பெட்ரோல் இப்ப 95க்கு ஏறிடுச்சு. ஆக உங்க மிஷின் கேக்குறதை விட கூடவே சாதா பெட்ரோல்ல இருக்கு. இதுக்கு மேல எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர்னு எது போட்டாலும் மிஷின் வேகமா ஓடாது, புல்லு சீக்கிரம் வெட்டாது. அதுல அழுக்கு கழுவுற மருந்து கொஞ்சம் சேர்த்திருப்பாங்க, அது கெடுதல் இல்ல, ஆனா அதுக்காக மாசாமாசம் கூட காசு குடுக்குறது என் கணக்குப்படி வீண். பிரீமியம்னாலே எத்தனால் இல்லன்னு ஒரு நம்பிக்கை வேற ஊருக்குள்ள ஓடுது, அது தப்பு, பிரீமியத்துலயும் எத்தனால் இருக்கும். எத்தனால் கலக்காததுன்னு பேர் வாங்கினது எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் பெட்ரோல், அது பெரிய ஊர்ல சில பங்க்ல மட்டும் கிடைக்கும், விலையும் ரொம்ப கூட. அதை எப்ப வாங்கலாம்னு கீழ சொல்றேன், ஒரே ஒரு விஷயத்துக்கு அது ஆகும்.

எத்தனாலும் உப்புக்காத்தும்

இங்கதான் நம்ம ஊருக்குன்னு தனியா யோசிக்கணும். எத்தனாலுக்கு தண்ணின்னா ஆசை, காத்துல இருக்க ஈரத்தைக்கூட தன்பக்கம் இழுத்துக்கும். பகல்ல வெயில்ல டேங்கு சூடாகி உள்ள இருக்க காத்து மூடி ஓட்டை வழியா வெளிய போகும், ராத்திரி குளுந்ததும் வெளிக்காத்தை உள்ள இழுக்கும், கடலுக்கு ரெண்டு கிலோமீட்டர்ல தோப்பு இருந்தா அந்த காத்து எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், கேட்டு கொண்டியை தொட்டா கையில பிசுபிசுங்கும். அரை டேங்கு பெட்ரோலோட மிஷினை ஓலைக் கொட்டகையில வச்சுட்டீங்கன்னா தினமும் இதுதான் நடக்கும். ஒரே ராத்திரில எதுவும் ஆகாது, வாரக்கணக்குல மாசக்கணக்குல சேரும்.

ஒரு அளவு வரைக்கும் எத்தனால் அந்த தண்ணியை தன்னோடயே கரைச்சு வச்சிருக்கும், அதனால பாக்க தெளிவாத்தான் இருக்கும். 10% எத்தனால் இருக்க பெட்ரோல் நூத்துக்கு அரை பங்கு தண்ணி வரைக்கும் தாங்கும், 20% இன்னும் கொஞ்சம் கூட தாங்கும். அந்த எல்லையை தாண்டினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு டேங்கோட அடியில உக்காந்துக்கும், மேல ஆக்டேன் குறைஞ்ச பெட்ரோல் மிதக்கும். பெட்ரோலை உறிஞ்சுற டியூப் எங்க இருக்கு? அடியில. அதனால இன்ஜினுக்கு முதல்ல போறது அந்த தண்ணிக் கலவை.

4 ஸ்ட்ரோக்ல இதனால ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவோட போயிடும். 2 ஸ்ட்ரோக்ல இது ஆபத்து, ஏன்னா நாம கலந்த 2டி ஆயில் எத்தனால்-தண்ணி பக்கம் போகாது, மேல இருக்க பெட்ரோலோட நின்னுக்கும். அடியில இருந்து போறதுல ஆயிலே இருக்காது. "அளவா ஆயில் கலந்துதானண்ணே ஊத்துனேன், எப்படி சீஸ் ஆச்சு"ன்னு கடையில வந்து நிக்கிறவங்கள்ல சில பேர் கதை இதுதான், அவங்க பொய் சொல்லல.

இன்னொண்ணு, 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்பரேட்டர்ல ஜெட்டு, அதாவது பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை, பழைய பெட்ரோலுக்குன்னு அளந்து வச்சது, அதுல இ20 போனா காத்து கூடவும் எரிபொருள் குறைவாவும் ஆயிடுது, இன்ஜின் வழக்கத்தை விட சூடா ஓடும். புது பைக் காருல கம்ப்யூட்டர் இருக்கு, தானா சரி பண்ணிக்கும், நம்ம பிரஷ் கட்டருக்கு அதெல்லாம் எங்க. நிறைய கம்பெனி மேனுவல்ல 10% எத்தனால் வரைக்கும்தான்னு போட்டிருக்கும், புதுசா வர்ற சில மிஷின்ல இ20க்கு ஏத்ததுன்னு ஸ்டிக்கர் இருக்கு. இனிமே வாங்குறவங்க கடைக்காரர்கிட்ட அதை கேட்டு வாங்குங்க. பழைய மிஷின் வச்சிருக்கவங்க பெட்ரோல் டியூப், பம்ப் பண்ற ரப்பர் குமிழ் ரெண்டையும் அப்பப்ப அமுக்கிப் பாருங்க, பிசுக்குன்னு ஒட்டினாலோ விறைச்சு வெடிச்சிருந்தாலோ மாத்திடுங்க, சில்லறை காசுதான்.

வீட்டுலயே ஒரு சோதனை

உங்க பெட்ரோல்ல எத்தனால் எவ்வளவு இருக்குன்னு பாக்க லேபு வேணாம். அளவு கோடு போட்ட ஒல்லியான கண்ணாடி குப்பி ஒண்ணு எடுத்துக்கங்க. 10 மில்லி தண்ணி ஊத்தி மார்க்கரால கோடு போடுங்க, அதுக்கு மேல 90 மில்லி பெட்ரோல் ஊத்துங்க. மூடி நல்லா குலுக்கிட்டு மூடியை லேசா திறந்து காத்தை விட்டுட்டு, பத்து நிமிஷம் அசைக்காம வைங்க. கீழ தண்ணி, மேல பெட்ரோல்னு ரெண்டா நிக்கும், ஆனா தண்ணி மட்டம் நீங்க போட்ட கோட்டை விட மேல ஏறியிருக்கும், பெட்ரோல்ல இருந்த எத்தனால் தண்ணிக்கு இறங்கினதால. தண்ணி மட்டம் 10ல இருந்து 28 மில்லிக்கு பக்கத்துல ஏறியிருந்தா அது 20% கலந்தது, கோடு நகரவே இல்லன்னா எத்தனால் இல்ல. துல்லியம் கிடையாது, ஆனா பங்க்காரர் சொல்றது நெசமான்னு தெரிஞ்சுக்க போதும். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்துல இல்லாம வெளிக்காத்துல பண்ணுங்க.

இதையே பெருசா பண்ணி எத்தனாலை தண்ணியில கழுவி எடுத்துட்டு மிச்சத்தை மிஷினுக்கு ஊத்தலாம்னு வீடியோவுல காட்டுறாங்க. வேணாம். எத்தனால் சேர்ந்தாத்தான் 95 வரும்னு கணக்கு பண்ணி அடிப்படை பெட்ரோலை தயாரிக்கிறாங்க, அதை எடுத்துட்டா மிச்சத்தோட ஆக்டேன் எங்க நிக்கும்னு யாருக்கும் சொல்ல முடியாது, போதாததுக்கு தண்ணியும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும்.

2டி ஆயில்: நம்ம கடற்கரையில நடக்குற பெரிய தப்பு

2 ஸ்ட்ரோக் வச்சிருக்கவங்களுக்கு பெட்ரோலை விட இது முக்கியம். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி பக்கமெல்லாம் அவுட்போர்டு இன்ஜின் வச்சு தொழிலுக்கு போறவங்க வீட்டுல 2டி ஆயில் டப்பா இருக்கும், தோப்புல வேலை நடக்கும்போது ஆயில் தீந்துபோச்சுன்னா "மச்சான் வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வா"ன்னு அதை வாங்கி கலந்துடுறாங்க. அந்த டப்பாவுல டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்கும். அது தண்ணியால குளுர வைக்கிற போட்டு இன்ஜினுக்கானது, கடல்தண்ணி சுத்தி ஓடுறதால அந்த இன்ஜின் அவ்வளவு சூடாகாது. நம்ம பிரஷ் கட்டரும் செயின்ஷாவும் காத்துல குளுர்றது, சிலிண்டர் சூடு அதைவிட ரொம்ப கூட, அந்த சூட்டுக்கு போட்டு ஆயில் தாங்காது, பிஸ்டன் ரிங்கு ஒட்டிக்கும். அவசரத்துக்குன்னு கூட கலக்காதீங்க, அன்னைக்கு ஒரு நாள் வேலையை நிப்பாட்டிக்கலாம்.

வாங்க வேண்டியது டப்பாவுல ஜாசோ (ஜப்பான் தரக்குறியீடு) எஃப்சி இல்லன்னா எஃப்டின்னு போட்டிருக்கது. எஃப்பியை விட எஃப்சி புகை கம்மி, எஃப்டி இன்னும் சுத்தமா எரியும். ஏபிஐ டிசின்னு இருந்தாலும் சரிதான், ஆனா பக்கத்துல டபிள்யூ3 ஒட்டியிருக்கான்னு கண்ணை விரிச்சு பாருங்க, ரெண்டும் பேருல கிட்டகிட்ட, வேலையில தூரம். 4 ஸ்ட்ரோக் பைக் இன்ஜின் ஆயிலை பெட்ரோல்ல கலக்குற ஆளுங்களும் இருக்காங்க, அது எரியுறதுக்குன்னு செஞ்ச ஆயிலே இல்ல.

அளவு: 25:1ன்னா லிட்டருக்கு 40 மில்லி, 40:1ன்னா 25 மில்லி, 50:1ன்னா 20 மில்லி. உங்க மிஷின் மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான் வேதம். ஸ்டில் மேனுவல்ல அவங்க ஆயிலுக்கு 50:1, வேற கம்பெனி டிசி ஆயிலுக்கு 25:1ன்னு ரெண்டு கணக்கு போட்டிருப்பாங்க, அதையும் கவனிங்க. மூடியால அளக்குறது, கண் கணக்குல "கொஞ்சம் நீலமா வந்தா போதும்"ங்கறது எல்லாம் வேணாம், மெடிக்கல்ல 20 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கங்க, ஊசி தேவையில்ல.

கலக்குற முறைக்கும் ஒழுங்கு இருக்கு. கேன்ல முதல்ல பாதி பெட்ரோல், அப்புறம் ஆயில், நல்லா குலுக்கு, மிச்ச பெட்ரோல், திரும்ப குலுக்கு. மிஷின் டேங்குக்குள்ளயே நேரா ஆயிலை ஊத்தி பெட்ரோலை விட்டா ஆயில் அடியில தேங்கும், முதல்ல புகையா தள்ளும், அப்புறம் ஆயிலே வராது. ஆயில் கூட போட்டா நல்லதுன்னு நெனச்சு 50:1 மிஷினுக்கு 60 மில்லி ஊத்துறதும் கெடுதல்தான், ஆயில் கூடினா அந்த அளவுக்கு பெட்ரோல் குறையுது, கரியும் சைலன்சரை அடைக்கும்.

மண்ணெண்ணெய், டீசல்

பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்ல ஓடுற பம்புசெட் இன்னும் தோப்புகள்ல இருக்கு. அது அதுக்குன்னே அழுத்தம் குறைச்சு செஞ்ச இன்ஜின், அதுல ஓட்டலாம். ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் மண்ணெண்ணெய்க்கு திருப்புங்க, நிறுத்துறதுக்கு முன்னாடி திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி கார்பரேட்டர்ல இருக்க மண்ணெண்ணெய் எரிஞ்சு தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துங்க. இந்த கடைசி வேலையை செய்யாம விட்டா மறுநாள் கயித்தை இழுத்து இழுத்து தோள்பட்டை கழண்டுடும். எரியாத மண்ணெண்ணெய் ஆயில்ல இறங்கி அதை தண்ணியாக்கும், அதனால ஆயிலை சீக்கிரம் சீக்கிரம் மாத்தணும். மத்தபடி வெறும் பெட்ரோல் இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் கலக்குறது, செலவு மிச்சம்னு பாதிக்கு பாதி ஊத்துறது, இதெல்லாம் இன்ஜினை தட்ட வைக்கும், மலையேறுற லாரி மாதிரி டக்டக்னு சத்தம் வந்தா அதுதான்.

டீசல் வீடர், டீசல் பம்புசெட் வச்சிருக்கவங்களுக்கு தரத்துல தேர்ந்தெடுக்க ஒண்ணும் இல்ல, பங்க்ல கிடைக்கிறதை ஊத்துங்க, ஃபில்டர் அடியில தேங்குற தண்ணியை மட்டும் அப்பப்ப திறந்து விடுங்க.

எங்க, எவ்வளவு, எதுல வாங்குறது

கூட்டம் இருக்க பங்க்ல வாங்குங்க, அங்க பெட்ரோல் தேங்காம ஓடிக்கிட்டே இருக்கும். நல்ல மழை பெஞ்ச மறுநாள், தண்ணி தேங்கி நின்ன பங்க்ல மிஷினுக்கு வாங்குறதை தள்ளிப்போடுங்க, நிலத்தடி டேங்குக்குள்ள தண்ணி இறங்கியிருந்தா எத்தனால் பெட்ரோல் அதை தாங்காது. சந்தேகம் வந்தா பங்க்ல அடர்த்தி பாத்து காட்டச் சொல்லி கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கூச்சப்படாதீங்க.

அளவு? ரெண்டு மூணு வாரத்துல எவ்வளவு தீரும்னு நெனைக்கிறீங்களோ அவ்வளவுதான். கம்பெனிக்காரங்க 30 நாள்னு சொல்றாங்க, நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் நான் மூணு வாரத்துக்கு மேல போகவிட மாட்டேன். பங்க்குக்கு இருபது கிலோமீட்டர்னு மொத்தமா வாங்கி வைக்கிறவங்க இருக்கீங்க, புரியுது, ஆனா ஆயில் கலந்து வைக்காம வெறும் பெட்ரோலா வைங்க, அப்பதான் மிஞ்சினா பைக்குக்காவது ஊத்தலாம்.

தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில்ல வாங்குறதை விட்டுடுங்க. பெட்ரோலியம் சட்டத்துல சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரைக்கும் லைசன்ஸ் இல்லாம வச்சுக்கலாம், ஆனா இறுக்கி மூடின உலோக கேன்ல, ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல போகாம, கண்ணாடின்னா 1 லிட்டர் வரைக்கும்னுதான் இருக்கு, பிளாஸ்டிக் அந்த லிஸ்ட்லயே இல்ல. உப்புக்காத்துக்கு தகர கேன் உள்பக்கம் துருப்பிடிக்கும்னு பயந்தா நல்ல பெயிண்ட் அடிச்ச ஜெர்ரி கேனா பாத்து வாங்கி முக்கா அளவுக்கு மேலயே நிரப்பி வைங்க, உள்ள காத்து குறைஞ்சா ஈரமும் குறையும். ஓலைக் கொட்டகை, தென்னமட்டை அடுக்கின இடம், சமையக்கட்டு பக்கம் வைக்கவே கூடாது. மண் தரையில கேன் வைக்காம ரெண்டு செங்கல் மேல வைங்க. ஊத்தும்போது மெல்லிய வலை போட்ட புனல் கட்டாயம், நம்ம ஊர் மணல் காத்தோட எங்கயும் புகுந்துடும்.

சீசன் முடிஞ்சு மிஷினை வைக்கும்போது

ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் புல்லும் சீமைக்கருவேலமும் மண்டி மார்கழி தைல மிஷினுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அப்புறம் கோடையில மாசக்கணக்குல மூலையில கிடக்கும். மிஷின் சாகுறது வேலை செய்யும்போது இல்ல, இந்த சும்மா கிடக்குற காலத்துலதான்.

டேங்கை முழுசா காலி பண்ணுங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, சோக்கை போட்டு திரும்ப இழுத்துப் பாருங்க, மிச்சம் மீதியும் தீரும். கார்பரேட்டர்ல கிண்ணம் வச்ச 4 ஸ்ட்ரோக்கா இருந்தா கிண்ணத்துக்கு அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை லூஸ் பண்ணி வடிச்சுடுங்க. பிளக்கை கழட்டி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு கயித்தை மெதுவா ரெண்டு இழுப்பு இழுத்து பிளக்கை மாட்டிடுங்க, சிலிண்டர் துருப்பிடிக்காது. எக்ஸ்பி100 வாங்கலாம்னு சொன்னேனே, அது இதுக்குத்தான்: மதுரை சென்னைன்னு போறப்ப கிடைச்சா ஒரு லிட்டர் வாங்கி வச்சுக்கிட்டு, மூலையில வைக்கிறதுக்கு முன்னாடி கடைசி ஓட்டத்தை அதுல ஓட்டி காலி பண்ணுங்க, கார்பரேட்டர்ல எத்தனால் மிச்சம் இருக்காது. கிண்ணத்துக்கு பதிலா மெல்லிய சவ்வு இருக்க டயாஃப்ராம் கார்பரேட்டர் வச்ச செயின்ஷாவுக்கு இது நல்லாவே உதவும். கிடைக்கலன்னா ஒண்ணும் குடி முழுகிடாது, காலி பண்றதுதான் முக்கியம். ஆன்லைன்ல விக்கிற ஸ்டெபிலைசர் மருந்து பெட்ரோல் கெடுறதை தள்ளிப்போடும், ஆனா உள்ள வந்த தண்ணியை வெளிய எடுக்காது.

ஓடும்போது தெரியுற அறிகுறி

பிளக்கை கழட்டிப் பாருங்க. டீத்தூள் கலர்ல இருந்தா எல்லாம் சரி. வெள்ளை வெளேர்னு இருந்தா எரிபொருள் பத்தல, சூடா ஓடுது. கருப்பா ஈரமா இருந்தா ஆயில் கூட, இல்லன்னா ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. இ20க்கு மாறினதுல இருந்து மிஷின் கீச்சுன்னு கத்துது, வேகம் ஏறி ஏறி இறங்குதுன்னா, கார்பரேட்டர்ல எச் ஸ்க்ரூ (முழு வேகத்துல பெட்ரோல் அளவை திருத்துறது) இருக்க மிஷின்ல அதை எட்டுல ஒரு சுத்து திறந்துவிட்டு பாக்கலாம், பழக்கம் இல்லாதவங்க மெக்கானிக்கிட்ட விடுங்க. ஸ்க்ரூ சீல் பண்ணின மிஷின்ல கை வைக்காதீங்க, விட்டு விட்டு ஓட்டி ஆற வைங்க.

ஸ்டார்ட் ஆகலன்னா கயித்தை இழுத்து சாகாம, முதல்ல டேங்குல இருக்கதை ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. கலங்கலா இருந்தாலோ அடியில தனியா ஒரு குமிழ் உருண்டாலோ தண்ணி, பெயிண்ட் வார்னிஷ் வாடை அடிச்சா பழசு. ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான், முழுசா காலி பண்ணி புதுசு ஊத்துறது, பழசோட புதுசை கலந்து சமாளிக்கிறது இல்ல. ஒரு மாசம் ஆன, ஆயில் கலக்காத, பிரியாத பெட்ரோல்னா பைக் டேங்கு நிறைய இருக்கும்போது பத்துல ஒரு பங்கு கலந்து தீத்துடலாம். பிரிஞ்சதை எதுலயும் ஊத்தாதீங்க, மெக்கானிக் கடையில குடுத்தா பார்ட்ஸ் கழுவ வச்சுக்குவாங்க. மணல்ல மட்டும் கொட்டிடாதீங்க, நம்ம பக்கம் தோண்டினா பத்தடியில ஊத்துத்தண்ணி, கொட்டினது நேரா அதுலதான் இறங்கும்.